அரிவாளுக்குப் பிடி போட எந்தப் பசை?

மாப்பிள்ளைச் சம்பா, காட்டுயானம் மாதிரி உயரமாக வளர்கிற ரகங்களை வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அறுப்பு நேரத்தில் பயிர் சாய்ந்து கிடக்கும். அறுவடை மிஷினை இறக்கினால் கதிர் பாதி சேற்றில் போகும், வைக்கோலும் மாட்டுக்கு ஆகாத மாதிரி நசுங்கிவிடும். முந்தின வயல் நெல் மிஷினுக்குள் தங்கியிருந்தால் நம்ம விதைநெல்லில் கலப்பு வேறு. அதனால் விதைக்கு ஒதுக்குகிற வயலையாவது கையால் அறுக்கிறோம். நம்ம கூட்டங்களில் கையறுப்பைப் பற்றிப் பேச்சு வந்தால் ஆள் கிடைக்கவில்லை, கூலி கட்டவில்லை என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. அந்த ஆளின் கையில் இருக்கிற அரிவாளைப் பற்றி யாரும் பேசி நான் கேட்டதில்லை.

வங்கியில் இருந்தபோது டிராக்டருக்கும் பம்ப்செட்டுக்கும் எத்தனையோ கடன் மனுக்களில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அரிவாளுக்குக் கடன் கேட்டு ஒருத்தரும் வந்ததில்லை. கேட்டிருந்தாலும் எந்தப் படிவத்தில் எழுதுவது என்று தெரிந்திருக்காது. கணக்கில் வராத கருவி அது.

அதைப் பற்றி யோசிக்க வைத்தது இரண்டு வருஷத்துக்கு முந்தைய தை அறுப்பு. எங்க ஊர் பாபநாசத்துக்குப் பக்கம். அறுத்துக்கொண்டிருந்த ஒரு அம்மாவின் அரிவாள், இழுக்கும்போது பிடிக்குள்ளேயே திரும்பிக்கொண்டது. தாளைப் பிடித்திருந்த இடது கையில் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வெட்டு. ஆறு தையல். செலவை நான் பார்த்துக்கொண்டேன், அது பெரிய விஷயமில்லை. ஆனால் அந்த சீசன் முழுக்க அவங்களுக்கு வேலை போச்சு. அந்தக் கூலியை வைத்து அடகில் இருந்த தோட்டை மீட்கலாம் என்று இருந்தாங்க. வட்டி எப்படி ஏறும் என்று எனக்குத் தெரியும், அதையே முப்பது வருஷத்துக்கு மேல் எழுதினவன்.

அந்த அரிவாளை வாங்கிப் பார்த்தேன். சந்தையில் வாங்கினது, பிளாஸ்டிக் பிடி. பிடிக்குள் போகிற வால் இரண்டு விரல்கடை நீளம்கூட இல்லை. அதுவும் உருண்டையாக, வழவழவென்று. உள்ளே ஏதோ பசை காய்ந்து, இரும்பை விட்டுப் பிரிந்து, சில்லு சில்லாக உதிர்ந்தது. இரும்பில் குறை ஒன்றும் இல்லை. பிடியும் உடையவில்லை. இரண்டுக்கும் நடுவில் இருந்த பொருள்தான் கைவிட்டது.

ஆசாரி சொன்னது

எங்க சுற்றுவட்டத்தில் உலை வைத்திருக்கிற கொல்லர் ஒருவர்தான் மிச்சம். எழுபதைத் தாண்டியவர். அரிவாளைக் கொண்டுபோய்க் காட்டி, "ஆசாரி, இதுக்கு எந்தப் பசை நல்லா பிடிக்கும்?" என்று கேட்டேன். அவர் சிரித்தார்.

"சார், பசை புடிக்கிறதுக்கு இல்ல சார். எடத்த அடைக்கிறதுக்கு. புடிக்கிறது இரும்போட வாலும் பூணும்தான்."

இந்த ஒரு பேச்சில் பாதி விஷயம் அடங்கியிருக்கிறது. மரம் ஈரத்தில் ஊதும், காய்ந்தால் சுருங்கும். இரும்பு அப்படியே இருக்கும். அறுப்பு விடியலில் ஆரம்பிக்கிறது, பனியில் பிடி நனைகிறது. ஊதுகிற மரம் இரும்பை நெருக்கும்போது ஓட்டையைச் சுற்றியுள்ள நார் நசுங்கிவிடும். மத்தியானம் காயும்போது நசுங்கின நார் பழையபடி எழும்பாது, ஓட்டை ஒரு மயிரிழை பெரிதாகியிருக்கும். மறுநாள் மறுபடியும். ஆடுகிற அரிவாளை ராத்திரி தண்ணீரில் போட்டு வைப்பது நம்ம பக்கம் எல்லாரும் செய்வது. காலையில் கெட்டியாக இருக்கும், சாயங்காலம் முன்னைவிட அதிகமாக ஆடும். காரணம் இதுதான். போதாக்குறைக்கு உள்ளே தண்ணீர் தங்கி இரும்பு துருப்பிடிக்கும். துரு இரும்பைவிட அதிக இடம் கேட்கும், அதனால் மரம் விரியும், கடைசியில் பிளக்கும்.

ஆக, பிடிக்குள் நாம் ஊற்றுகிற பொருளுக்கு மூன்று வேலை. இடைவெளியை முழுசாக அடைக்கணும். தண்ணீரை உள்ளே விடக்கூடாது. ஒவ்வொரு இழுப்பின் அதிர்ச்சிக்கும் உடையாமல் கொஞ்சம் வளைந்து கொடுக்கணும். ஒட்டுவது அதற்கப்புறம்தான்.

அம்பு எய்கிறவர்களும் இதே தலைவலியில்தான்

என் பேத்தி பள்ளியில் வில்வித்தை பழகுகிறாள். லீவுக்கு வந்தவள் அட்டைப் பலகையில் எய்து, அம்பைப் பிடுங்கினால் தண்டு மட்டும் கையோடு வந்தது. முனை பலகைக்குள்ளேயே நின்றுவிட்டது. அவள் கவலைப்படவே இல்லை. முனையை நோண்டி எடுத்து, லைட்டரில் சூடு காட்டி, ஒரு பசைக் குச்சியை அதன்மேல் தேய்த்து, தண்டுக்குள் சொருகித் திருப்பினாள். ஐந்து நிமிஷத்தில் அம்பு தயார்.

"அடிக்கும்போது கழண்டுக்காதா பாப்பா?"

"அடிச்சா ஒண்ணும் ஆகாது தாத்தா. அது உள்ளதான தள்ளும்? புடுங்கும்போதுதான் கழண்டுக்கும்."

சட்டென்று பொறி தட்டியது. அம்பு குத்தும்போது முனை தண்டோடு அழுந்துகிறது, அங்கே பசைக்கு வேலையே இல்லை. பிடுங்கும்போதுதான் பசைக்குப் பரீட்சை. அரிவாளுக்கோ ஒவ்வொரு அறுப்பும் இழுப்புதான். அம்புக்கு எப்போதாவது வருகிற பரீட்சை, அரிவாளுக்கு ஒரு நாளில் ஆயிரக்கணக்கான தடவை வருகிறது.

அதற்கப்புறம் அம்புக்காரர்கள் என்ன செய்கிறார்கள் என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். நம்ம நாட்டில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வேட்டைக்கு இடமில்லை, அம்பு விளையாட்டுக்கு மட்டும்தான். அமெரிக்கா மாதிரி நாடுகளில் அனுமதி வாங்கி வில்லால் மான் வேட்டையாடுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். முனையை ஒட்டுவதில் அவர்களுக்கு ஒரு தெளிவு இருக்கிறது. மரத் தண்டுக்கும் அலுமினியத் தண்டுக்கும் சூட்டில் இளகுகிற பசை. முனை வளைந்தாலோ தண்டு முறிந்தாலோ சூடு காட்டி முனையைக் கழற்றி வேறு தண்டில் போட்டுக்கொள்ளலாம். கார்பன் தண்டு என்றால் எபாக்சி, இல்லாவிட்டால் குறைந்த சூட்டிலேயே இளகுகிற தனி ரகம். கார்பன் இழைகளைச் சேர்த்துக் கட்டியிருப்பதே ஒரு வகைப் பிசின்தான், அதிகம் சூடு காட்டினால் தண்டே கெட்டுப்போகும். எந்தப் பசையாக இருந்தாலும் ஒட்டும் இடத்தைச் சொரசொரப்பாக்கி, எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்துவிட்டுத்தான் தொடுவார்கள். "எது கெட்டியாகப் பிடிக்கும்" என்பதைவிட "நாளைக்கு இதைக் கழற்ற வேண்டியிருக்குமா" என்பதை அவர்கள் முதலில் கேட்கிறார்கள். நமக்கும் அதுதான் முதல் கேள்வி.

இந்தக் கேள்வி புதுசும் இல்லை. 1991-ல் ஆஸ்திரியா, இத்தாலி எல்லையில் ஆல்ப்ஸ் பனிக்குள்ளிருந்து ஒரு மனிதரின் உடல் கிடைத்தது, ஓட்சி என்று பெயர் வைத்தார்கள். சுமார் 5,300 வருஷத்துக்கு முன் இறந்தவர். அவருடைய அம்புக்கூட்டில் 14 அம்புத் தண்டுகள். அதில் இரண்டுதான் முழுசாக முடிந்தவை. கல் முனையைப் பூர்ஜ மரப்பட்டையைக் காய்ச்சி எடுத்த தாரில் பதித்து, மேலே நூலால் கட்டியிருக்கிறது. அவருடைய செப்புக் கோடரிக்கும் அதே தார்தான், மேலே தோல் வாரால் கட்டு. பசையை மட்டும் நம்பாமல் கட்டும் போட்டிருக்கிறார், கவனியுங்கள். பத்து வருஷம் கழித்து, 2001-ல், எக்ஸ்-ரேயில் அவருடைய இடது தோளுக்குள் ஒரு கல் முனை தெரிந்தது. தண்டு இல்லை, முனை மட்டும். பேத்தி சொன்ன அதே கதை.

அதற்கும் ரொம்ப முன்னால் போகலாம். தென்னாப்பிரிக்காவில் சிபுடு என்றொரு குகை. லின் வாட்லி என்கிற தொல்லியல் அறிஞரும் அவருடைய குழுவும் அங்கே கிடைத்த சுமார் 70,000 வருஷப் பழமையான கற்கருவிகளில் பிசினோடு செங்காவித் தூளும் ஒட்டியிருப்பதைப் பார்த்தார்கள். 2009-ல் அந்த ஆய்வு வெளியானது. அவர்கள் வேல மரப் பிசினை எடுத்துத் தாங்களே கல்லைத் தடியில் ஒட்டிப் பார்த்தார்கள். வெறும் பிசின் காய்ந்ததும் நொறுங்கியது, ஈரத்தை இழுத்துக்கொண்டது. காவித் தூள் சேர்த்துக் குழைத்து, தீக்குப் பக்கத்தில் பக்குவமாகக் காயவைத்தபோதுதான் தாங்கியது. அவசரப்பட்டுக் கிட்டத்தில் வைத்துக் காயவைத்தால் உள்ளே குமிழ் விட்டு வீணானது.

நம்ம வரப்பில் நிற்கிற கருவேல மரத்துப் பிசினும் அந்த இனம்தான். ஆசைக்கு ஒரு களைக்கொத்திக்குக் கருவேலம் பிசினும் காவியும் குழைத்துப் போட்டுப் பார்த்தேன். சித்திரை, வைகாசியில் அசைக்க முடியவில்லை. ஐப்பசி மழையில் இரண்டே நாளில் கொழகொழவென்று ஆகிவிட்டது. வேலம்பிசின் தண்ணீரில் கரைகிற சாதி, காவி சேர்த்தாலும் நம்ம மழைக்கும் சேற்றுக்கும் அது ஆகாது. காய்ந்த நிலத்து மனிதர்களுக்குச் சரிப்பட்டது டெல்டாவுக்குச் சரிப்படணும் என்று இல்லையே. விதைக்குச் சொல்கிறோமே, அதேதான்.

கடையில் கிடைப்பவை

தச்சர்கள் போடுகிற வெள்ளைப் பசை மரத்தோடு மரம் சேர்க்க நல்லது. இரும்பில் நிற்காது, இடைவெளியை அடைக்காது, தண்ணீரில் இளகும். விட்டுவிடலாம். ஒரு சொட்டு விட்டால் நொடியில் ஒட்டுகிற பசை, மிக நெருங்கிய இரண்டு பரப்புக்கு மட்டும் சரி. அரிவாள் ஓட்டையில் அவ்வளவு நெருக்கம் கிடையாது, அதோடு அதிர்ச்சி பட்டால் கண்ணாடி மாதிரி விட்டுவிடும். பேத்தி போட்ட மாதிரிப் பசைக் குச்சியைச் சிலர் அரிவாளுக்கும் முயற்சி பண்ணுகிறார்கள். குளிர்ந்த இரும்பின் மேல் உருக்கி ஊற்றினால் பட்டவுடனே தோல் கட்டிவிடும், ஒட்டாது. இரும்பைச் சூடாக்கிப் போட்டால் ஓரளவு நிற்கும்.

இரண்டு குழாயில் வருகிற எபாக்சியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லணும். இயற்கை விவசாயி என்பதால் அதை ஒதுக்க வேண்டும் என்று சொல்லமாட்டேன். இரும்பு, மரம் இரண்டிலும் பிடிக்கும், இடைவெளியை அடைக்கும், தண்ணீருக்குப் பயப்படாது. ஐந்து நிமிஷத்தில் இறுகுகிற ரகத்தை வாங்காமல் முழுசாக இறுக ஒரு நாள் எடுக்கிற ரகத்தை வாங்கினால் பலமும் கூடுதல், தண்ணீரையும் நன்றாகத் தாங்கும். கலக்கும்போது கையில் படாமல் உறை போட்டுக்கொள்ளணும். அடிக்கடி தோலில் பட்டால் சிலருக்கு ஒவ்வாமை வரும், ஒரு தடவை வந்தால் போகாது.

என் தயக்கம் வேறு இடத்தில். அரிவாளில் தேய்வது இரும்பு. சாணை பிடித்துப் பிடித்து இலை மெலிந்துபோகும்போதும் நல்ல பிடி இன்னும் பத்து வருஷம் உழைக்கத் தயாராக இருக்கும். எபாக்சி போட்டால் இரண்டையும் சேர்த்துத் தூக்கி எறிவதுதான் வழக்கமாகிறது. நன்றாகச் சூடு காட்டினால் அதுவும் இளகும், ஆனால் கருகிப் புகைந்துதான் கழன்று வரும், அந்தப் புகை நல்லதில்லை. பிடியை அடுப்பிலும் போடக்கூடாது. கணக்கில் தேய்மானம் எழுதும்போது கட்டடத்தையும் மிஷினையும் தனித்தனி விகிதத்தில் எழுதுவோம். ஒன்றாக எழுதினால் இரண்டில் ஒன்றுக்கு நஷ்டம். அரிவாளிலும் அப்படித்தான்.

அரக்கு

வங்கிக்காரனுக்கு அரக்கு புதுசு இல்லை. பெட்டகச் சாவியின் மறுசாவிப் பொட்டலம், நகைப் பை எல்லாவற்றுக்கும் மெழுகுவர்த்தியில் குச்சியை உருக்கி, சொட்ட விட்டு, பித்தளை முத்திரையை அழுத்துவோம். விரலைச் சுட்டுக்கொள்ளாத அதிகாரியே கிடையாது. முதலில் நானும், அந்தக் குச்சியையே பிடிக்குள் உருக்கினால் என்ன என்றுதான் ஆசாரியிடம் கேட்டேன். அவர் அதை விரலால் சுண்டினார், பொட்டென்று உடைந்தது. முத்திரை அரக்கு உடைவதற்காகவே செய்தது. யாராவது கை வைத்தால் நொறுங்கிக் காட்டிக்கொடுக்கணும், அதுதான் அதன் வேலை. இப்போது ஸ்டேஷனரி கடையில் வருகிற குச்சிகளில் பெரும்பாலும் மலிவான பிசினும் வண்ணமும்தான், அரக்கு பேருக்கு. நமக்கு வேண்டியது அசல் அரக்கு.

அசல் அரக்கு ஒரு பூச்சியின் உழைப்பு. கடுகுக்கும் சின்னதான அரக்குப் பூச்சி கூட்டம் கூட்டமாக இளங்கிளையில் உட்கார்ந்து சாற்றை உறிஞ்சும், தன்னைச் சுற்றிப் பிசினால் ஓடு கட்டிக்கொள்ளும். அந்த ஓட்டைச் சுரண்டி, கழுவி, உருக்கி எடுப்பதுதான் அரக்கு. புரசு, இலந்தை, குசும் மூன்றும் அதற்கு முக்கிய மரங்கள். புரசிலும் இலந்தையிலும் வளர்வது ரங்கீனி, குசும் மரத்தில் வளர்வது குசுமி என்று இரண்டு வகை. இரண்டிலுமே வருஷத்துக்கு இரண்டு மகசூல். ஜார்க்கண்ட், சத்தீஸ்கர் காட்டோரக் கிராமங்களில் நிறையப் பேருக்கு இது வருமானம். ராஞ்சிக்குப் பக்கத்தில் நாம்கும்மில் இதற்காகவே ஓர் ஆராய்ச்சி நிலையம் 1924-ல் தொடங்கினார்கள். மரத்தை வெட்டாமல், கிளையை மட்டும் கவாத்து பண்ணி எடுக்கிற விளைச்சல். நம்ம வரப்பு இலந்தையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இது ஞாபகம் வரும். யாராவது தமிழ்நாட்டில் செய்து பார்த்திருந்தால் இதழுக்கு எழுதுங்க.

வடக்கே பழைய வாள்களில் கைப்பிடியை இலையின் வாலோடு சேர்த்ததும் அரக்குக் கலவைதான். இன்றைக்கும் பழுது பார்ப்பவர்கள் சூடு காட்டித்தான் பிடியைக் கழற்றுகிறார்கள். போர்வாளுக்குத் தாங்கினது புல் அறுக்கத் தாங்காதா?

அரக்குக்கு 75, 80 டிகிரி சூடு போதும், உருகிவிடும். ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பு வேணும். அதிக நேரம் அடுப்பில் வைத்தாலோ, திரும்பத் திரும்பச் சூடாக்கினாலோ அது ரப்பர் மாதிரி ஆகி, அப்புறம் உருகவே உருகாது. அதனால் ஒரு பிடிக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்ளணும்.

கலவை இப்படி. செதில் அரக்கு இரண்டு பங்கு, துணியில் சலித்த செங்கல் தூள் ஒரு பங்கு. தூள் எதற்கு? வெறும் அரக்கு ஆறும்போது சுருங்கி விரிசல் விடும். தூள் சேர்ந்தால் சுருக்கம் குறையும், விரிசல் ஓட வழியில்லாமல் நிற்கும். சிபுடு குகையில் காவி செய்த வேலையை இங்கே செங்கல் செய்கிறது. அரக்கு கிடைக்காத இடத்தில் குங்கிலியம் நான்கு பங்கு, செங்கல் தூள் இரண்டு பங்கு, தேன்மெழுகு அரைப் பங்கு. தேன்மெழுகு குங்கிலியத்தின் முறிகிற குணத்தைக் குறைக்கும். அரக்கோடு மெழுகு அவ்வளவாகச் சேராது, அதில் போட வேண்டாம். குங்கிலியமும் செங்கல் பொடியும் எண்ணெயும் சேர்ந்த கலவையைத் தஞ்சாவூர்த் தட்டு செய்கிறவர்கள் தகட்டுக்குப் பின்னால் நிரப்புவதற்குத் தலைமுறைகளாக வைத்திருக்கிறார்கள், எங்க ஆசாரிக்குக் கைப்பாகம் வந்ததே அப்படி ஒரு பட்டறையிலிருந்துதான். குங்கிலியம் அரக்கைவிட அதிக சூடு கேட்கும். நேரடித் தீயில் வைத்தால் பற்றிக்கொள்ளும். மணல் போட்ட சட்டிக்குள் சின்னப் பாத்திரத்தை வைத்து உருக்குங்க. மேலே தெறித்தால் ஒட்டிக்கொண்டு சுடும், பிய்க்கக் கூடாது, உடனே தண்ணீரில் பிடிக்கணும். பக்கத்தில் வாளித் தண்ணீர் இல்லாமல் ஆரம்பிக்காதீங்க.

போடுகிற முறை

பிடிக்குப் பூவரசு அல்லது நுணா. எடை குறைவு, கையில் உறுத்தாது, சுலபத்தில் பிளக்காது. நிழலில் மூன்று மாசமாவது காய்ந்திருக்கணும். பச்சை மரத்தில் எந்தப் பசையும் வீண்.

வால் சதுரமாக இருக்கணும், பிடியின் நீளத்தில் பாதியாவது உள்ளே போகணும். உருண்டை வாலை ஆசாரியிடம் கொடுத்துத் தட்டிச் சதுரமாக்கிக்கொள்ளுங்கள். எபாக்சியே போட்டாலும் இதைத் தவிர்க்காதீங்க. வால் பிடியைத் தாண்டி வெளியே வந்து, நுனி மடங்கினால் இன்னும் பத்திரம்.

வழக்கமாக வாலைப் பழுக்கக் காய்ச்சி மரத்தில் இறக்கி ஓட்டை போடுவார்கள். ஓட்டை வாலின் வடிவத்துக்கே வரும், நல்ல முறைதான். ஆனால் உள்ளே கரி படிந்திருக்கும். கரியின் மேல் ஒட்டினது கரியோடு உதிரும். மெல்லிய அரம் அல்லது கம்பியால் கரியைச் சுரண்டிக் கொட்டிவிடுங்கள். வாலில் உள்ள துருவை அரத்தால் ராவி, சாம்பலால் தேய்த்து, காய்ந்த துணியால் துடைத்து, அதற்கப்புறம் விரல் படாமல் பார்த்துக்கொள்ளணும்.

பிடியின் வாயில் பூண் மாட்டுங்க. பழைய பித்தளைக் குழாய்த் துண்டே போதும். கலவையைப் பொடித்து ஓட்டையில் முக்கால் வாசி நிரப்பணும். அரிவாளின் இலை முழுக்க ஈரச் சாக்கைச் சுற்றிவிட்டு, வாலை மட்டும் தணலில் காட்டணும். பழுக்க வேண்டாம், பொடி பட்டால் உருகிற சூடு போதும். இலைப் பக்கம் இரும்பு வைக்கோல் மஞ்சளுக்கு மாற ஆரம்பித்தால் உடனே எடுத்துவிடுங்கள். அதற்கு மேல் போனால் ஆசாரி கொடுத்த பதம் இறங்கி, முனை மழுங்கும். சூடான வாலை நேராகப் பிடித்து ஒரே அழுத்தாக இறக்கணும். கலவை பூணுக்கு மேல் பிதுங்கி வரணும், வந்தால்தான் உள்ளே நிரம்பியிருக்கிறது என்று அர்த்தம். ஈரத் துணியால் வழித்துவிட்டு, ஆடாமல் வைத்து, தானாக ஆற விடுங்கள். தண்ணீரில் முக்கினால் உள்ளே விரிசல் விழும்.

எங்க வீட்டில் இப்போது இப்படிப் போட்ட அரிவாள் பதினொன்று இருக்கிறது. அறுப்புக்கு வருகிறவர்கள் சொந்த அரிவாளைக் கொண்டுவர வேண்டாம், இங்கே இருப்பதை எடுத்துக்கொள்ளலாம். இரண்டு தை அறுப்பு முடிந்தது. இரண்டு பிடி லேசாக ஆடியது. இரண்டையும் வெயிலில் வரப்பு மேல் போட்டுவிட்டுச் சாப்பிடப் போயிருக்கிறார்கள். மத்தியான வெயிலில் இரும்பு தொட முடியாத சூடாகும், அரக்கு இளக அது கிட்டத்தட்டப் போதும். சூடு காட்டி மறுபடி அழுத்தினேன், கால் மணி நேர வேலை, புதுப் பசை கொஞ்சம்கூடத் தேவைப்படவில்லை. இப்போது களத்தில் நிழலில் ஒரு கயிறு கட்டியிருக்கிறோம், இறங்கினவுடனே அதில் மாட்டணும் என்று பேச்சு. சோப்புத் தண்ணீரிலும் சோடா உப்புத் தண்ணீரிலும் அரக்குப் பிடியை ஊறப் போடக்கூடாது, கரையும். சீசன் முடிந்ததும் பிடிக்கு வேப்பெண்ணெய் தடவித் தொங்கவிட்டால் போதும்.

எல்லாக் கருவிக்கும் அரக்கு என்று நினைத்துவிடாதீங்க. வெயிலிலேயே கிடக்கிற கருவிக்கும், மாட்டுக் கொட்டகையில் தினமும் நனைகிற சுரண்டிக்கும் நான் எபாக்சிதான் போடுகிறேன். மண்வெட்டிக்குப் பசையே வேண்டாம். அது காதுக்குள் காம்பு இறுகி, ஆப்பு அடித்து நிற்கிற கருவி, வெட்ட வெட்ட இறுகும். தொரட்டிக்கு மட்டும் எந்தப் பசையையும் நம்பக் கூடாது. வேப்பங்குழை இழுக்கும்போது இலை கழன்றால் நேராகத் தலைக்குத்தான் வரும். அதற்கு இரும்புக் குழலுக்குள் மூங்கிலைச் சொருகி, குறுக்கே ஓட்டை போட்டு ஆணி அடித்து இரண்டு பக்கமும் மடக்கி, மேலே கம்பியும் சுற்றணும். வருஷத்துக்கு ஒரு தடவை அந்த ஆணியைத் தட்டிப் பார்க்கணும்.

தைக்கு அறுக்கப் போகிறவர்கள் பூவரசுக் கிளையை ஆடியிலேயே கழித்து நிழலில் போட்டால்தான் காய்ந்து வரும். செதில் அரக்கு, மர பாலிஷ் சாமான் விற்கிற கடைகளில் கிடைக்கிறது. குங்கிலியம் நாட்டு மருந்துக் கடையில். ஆசாரியிடம் வாலைச் சதுரமாக்கக் கொடுப்பதாக இருந்தால் கார்த்திகைக்குள் கொடுத்துவிடுங்கள், மார்கழியில் அவருக்கு உலையை விட்டு எழுந்திருக்கவே நேரம் இருக்காது.